ரேடியோ போட்ட பாடத் திட்டம்

எங்கள் தெருவில் எல்லோரும் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். நாலாம் வகுப்பு படிக்கிறாள். வாய் திறந்தால் மூடாது. யார் யாரைக் கிள்ளினார்கள், டீச்சர் ஏன் தும்மினார், எல்லாச் செய்தியும் வரும். அதைப் பொறுமையாகக் கேட்க அவள் அப்பா ஒருவரால்தான் முடியும். அவர் தையல்காரர். வீட்டு முன்னறையில் மெஷினை மிதித்துக்கொண்டே, "அட! அப்புறம்?" என்பார்.

போன வருடம் அவருக்குக் கடும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது. போகிற போக்கில் காதையும் கொண்டுபோய்விட்டது.

இனிமேல் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாதான் நம்பவில்லை. சைகை மொழி கற்றுக்கொள்ளலாமே என்று அம்மா எழுதிக் காட்டியதற்கு, "அதெல்லாம் எனக்கு எதுக்கு? தானா சரியாயிடும்," என்று தாளைக் கசக்கிப் போட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சே துண்டுச் சீட்டு அளவுக்குச் சுருங்கிவிட்டது. 'சாப்பிட வாங்க.' 'சட்டை நாளைக்கு வேணுமாம்.' அவ்வளவுதான். ரேடியோவும் ஓய்ந்துபோனது.

எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே அவர்கள் சமையலறை. எட்டிப் பார்க்கிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது. ஜன்னல் இருந்தால் கண் போகத்தானே செய்யும்!

ஒரு நாள் ரேடியோ ஓர் அட்டையில் கட்டம் போட்டு எடுத்து வந்தாள். தினமும் பள்ளி விட்டு வந்ததும் சைகை மொழிப் பாடம். ஃபோனில் வீடியோ பார்த்துப் படிக்க வேண்டும். திங்கள் பழங்கள், செவ்வாய் விலங்குகள், புதன் நிறங்கள். ஞாயிறு பரீட்சை. இடம் சமையலறை. மாணவர்கள் அம்மா, அண்ணன், அவள்.

"அப்பாவுக்குத் தெரியவே கூடாது. நல்லாக் கத்துக்கிட்டு ஒரே நாள்ல அசத்திடலாம்," என்றாள்.

"ஆமா, இப்பத் தெரிஞ்சா கோபப்படுவாரு," என்றார் அம்மா.

"லேட்டா வந்தா அபராதம் உண்டா மேடம்?" என்று கேட்டான் அண்ணன். கல்லூரிக்கே லேட்டாகப் போகிறவன்.

"உண்டு. என் தட்டையும் நீதான் கழுவணும்."

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடம் நடந்தது. அண்ணன் கையை யானைத் தும்பிக்கையாக வீசியதில் அலமாரிப் பாத்திரங்கள் உருண்டன. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த நேரம் பார்த்து அப்பா தண்ணீர் குடிக்கக் கதவைத் திறந்தார்.

சட்டென்று எல்லோருடைய கையும் முதுகுக்குப் பின்னால் போனது. சிரிப்பு நின்றது. அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தண்ணீரைக் குடிக்காமலே திரும்பிவிட்டார்.

இப்படியே பல நாள். பிறகு அவர் தட்டை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கத்தில் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார். பாட மும்முரத்தில் வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அசத்துகிற நாள் வந்தது. மூவரும் மெஷின் முன்னால் வரிசையாக நின்றார்கள். முதலில் யானை. அடுத்து திராட்சை. அடுத்து பச்சை.

அப்பா மிதிப்பதை நிறுத்தினார். "என்ன, மூக்குல ஏதாவது அடிபட்டுடுச்சா?"

ரேடியோ திரும்பவும் யானையைக் காட்டினாள். அவர் விழித்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்பாவுக்கு இந்த மொழி தெரியாதே! யாருக்காகப் படித்தார்களோ, அவரையே வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு பேசினார். "தினமும் கதவைச் சாத்திக்கிட்டு சிரிக்கிறீங்க. நான் வந்தா நிறுத்திடுறீங்க. என்னை வெச்சுத்தான் சிரிப்புன்னு தெரியும். பரவாயில்ல. கதவைத் திறந்து வெச்சே சிரிங்க. உங்க முகத்தையாவது பாத்துக்கிறேன்."

"இல்லப்பா!"

தெருவுக்கே கேட்டது. அவருக்கு மட்டும் கேட்கவில்லை. கையால் சொல்லலாம் என்றால் அவளுக்கு ஒட்டகம் தெரியும், ஊதா தெரியும். 'இல்லப்பா' தெரியாது.

ரேடியோ அழுதாள். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் அந்த அட்டையை எடுத்து வந்தாள். 'சமையலறை' என்பதை அடித்துவிட்டு 'மெஷின் பக்கத்தில்' என்று எழுதினாள். மாணவர்களில் அப்பாவைச் சேர்த்தாள். பழம், விலங்கு எல்லாவற்றையும் அடித்தாள். 'முதல் பாடம்' என்று எழுதி, எதிரே காலியாக விட்டு, பென்சிலை அவரிடம் நீட்டினாள்.

அவர் வெகுநேரம் அட்டையையே பார்த்தார்.

"காது இனிமே வராதுன்னு நீயும் முடிவு பண்ணிட்டியாம்மா?"

ரேடியோவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. மெதுவாகத் தலையாட்டிவிட்டு அவர் முழங்காலை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அப்பா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். மறுபடி கழற்றினார். கடைசியில் பென்சிலை வாங்கி எழுதினார்:

'எதுக்குச் சிரிக்கிறீங்க?'

மறுநாள் முன்னறையில் அதுதான் பாடம். வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு நால்வரும் பழகினார்கள். அன்றைக்குச் சாப்பிடும்போது, பஸ்ஸில் தான் தூங்கி யாரோ ஒருவர் தோளில் ஜொள்ளு விட்ட கதையை அண்ணன் சொன்னான். அம்மாவும் ரேடியோவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி, புதிதாகக் கற்ற சைகையால் கேட்டார்.

எல்லோரும் நிறுத்தினார்கள். கதையை முதலிலிருந்து கையால் சொன்னார்கள். தெரியாத இடமெல்லாம் நடிப்புதான். அண்ணனே பஸ், அம்மாதான் அந்த யாரோ ஒருவர். சாப்பாடு ஆறிப்போனது.

கதை முடிந்து சற்று நேரம் கழித்துத்தான் அப்பாவுக்குப் புரிந்தது. மற்றவர்கள் எப்போதோ சிரித்து முடித்துவிட்ட கதைக்கு அவர் மட்டும் தனியாகச் சிரித்தார்.

அவர் சிரித்து முடிக்கும்வரை யாரும் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.