இரும்பில் ஏறிய துடிப்பு

புதிய வண்டிக்கு ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் பட்டறை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். நாமக்கல்லில் உயிர்ச்சுமை வண்டி கட்டுகிற எல்லாப் பட்டறைகளிலும் இதுதான் வழக்கம். உள்ளே தரையில் கிடத்தியிருக்கும் சோதனைச் சேஸிஸின் மேல் வெறுங்காலோடு ஏறி ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். மறுமுனையில் ஒருவர் படுத்திருப்பார். அவருடைய நாடித் துடிப்பு இரும்பு வழியாக வந்து நம் உள்ளங்காலில் தட்டும். எந்தக் காலில் முதலில் தட்டியது என்று சொன்ன பிறகுதான் ஆர்டர் படிவத்தைக் கையில் கொடுப்பார்கள்.

அன்று மறுமுனையில் படுத்திருந்தவள் பட்டறையின் உரிமையாளர் சுபைதாவேதான். நாற்பது வயது இருக்கும். கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

“என்னங்ணா, தட்டுதுங்களா?”

“தட்டுது அம்மிணி. எடது காலுல மொதல்ல.”

“காலு நல்லாத்தான் இருக்குது உங்களுக்கு” என்று எழுந்து உட்கார்ந்தாள். “போன வாரம் ஒருத்தர் வந்தாருங்ணா. அஞ்சு நிமிசம் நின்னு பாத்துட்டு, ‘ஒண்ணுமே தட்டலியே, உசுரோடதான் இருக்கறயா’ன்னு என்னையவே கேக்கறாரு.”

சிரித்துவிட்டேன். ஆவணிக்குப் பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இந்த வண்டிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. வெக்கை ஆண்டுகளில் விமானங்கள் நின்றுபோனதிலிருந்து, ஓசூர் நாற்றங்கால்களில் வளர்க்கும் இதயங்கள் சாலை வழியாகத்தான் ஊர் ஊராகப் போகின்றன. வளர்ப்பிதயத்துக்குச் சதை உண்டு, துடிக்கத் தெரியாது. பெட்டியில் பயணம் செய்யும் முதல் இருபது மணி நேரத்தில், அருகில் துடிக்கும் ஒரு மனித இதயத்தைப் பார்த்துத்தான் அது பழகிக்கொள்ளும். இயந்திரத்தின் சீரான தட்டலைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாளே நின்றுவிட்டது. மனிதத் துடிப்பில் இருக்கிற சின்னச் சின்னத் தடுமாற்றங்கள் அதற்கு வேண்டும். அதனால்தான் உயிர்ச்சுமை வண்டியில் இரண்டு பேர். ஒருவர் ஓட்டுவார். இன்னொருவருக்குத் துடிப்பர் என்று பெயர். சேஸிஸோடு இரும்புக்கு இரும்பாகப் பொருத்திய படுக்கையில் படுத்து வருவார். அவர் துடிப்பு சேஸிஸின் துடிப்பிரும்பில் ஏறிப் பின்னால் இருக்கும் சுமைப்பெட்டிக்குப் போய்ச் சேரும்.

என் வண்டியில் துடிப்பர் என் மனைவி பூவரசி. பதினோரு வருடம் வந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு இதயங்கள். ஆவணியில் ஒன்பது நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

படிவத்தில் நாற்பத்தொரு கேள்விகள். எதையும் வரிசையாகச் செய்து பழகியவன் நான், நாச்சிமுத்து. முதல் ஆறையும் பட்டறைக்கு வருமுன்பே யோசித்து வைத்திருந்தேன். ஏழாவது, சுமைப்பெட்டிக்கு எந்தத் தாங்கு: பட்டை ஸ்பிரிங்கா, காற்றுப்பையா? பட்டை ஸ்பிரிங் என்று எழுதச் சொன்னேன். குலுக்கல் சற்றுக் கூடும், ஆனால் துடிப்பைத் தின்னாது.

“எட்டாவதுங்ணா. டிரைவர் சீட்டு. அடியில காத்துப்பை வெச்சிரலாமா? உங்க இடுப்புக்கு நல்லது.”

“வேண்டாம். நேரா சேஸிஸ்ல போல்ட்டுப் போட்டு இறுக்கிருங்க.”

“பழைய வண்டிலயும் அப்புடித்தானே வாங்குனீங்க. அப்ப வயசு நாப்பத்தேழு. இப்ப டாக்டரு ஒத்துக்குவாருங்களா?”

“ஒம்பதாவதப் படிங்க, தெரியும்.”

படித்தாள். துடிப்பு எங்கிருந்து: உடன் வரும் ஆளா, பதிவுத் துடிப்பா? போன வருடம்தான், இந்த வண்டிகளுக்கு முத்திரை போடும் வாரியம் இந்த விதியைக் கொண்டுவந்தது. ஒரு வண்டியின் துடிப்பேட்டில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் பதிவான மனிதத் துடிப்பு இருந்தால், அதைச் சின்னச் சுத்தியல்கள் வைத்துப் புதிய சேஸிஸில் தட்டவிடலாம். ஓட்டுநர் தனியாகவே போகலாம்.

“பூவரசி துடிப்பு அதுல ஓடும். அது எனக்குந் தெரியோணும். காத்துப்பை வெச்சா எனக்கு வந்து சேராதுல்ல.”

சுபைதா பேனாவை மூடிவைத்தாள். “அக்காளோட ஏட்டக் கழட்டிட்டு வாரனுங்ணா” என்று வெளியே போனாள்.

பட்டறை முற்றத்தில் என் பழைய வண்டி நின்றது. துடிப்பேடு என்பது சோப்புக்கட்டி அளவு கறுப்புப் பெட்டிதான். அதைக் கொண்டுவந்து சோதனைச் சேஸிஸில் மாட்டிவிட்டு, திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் மறுபடியும் இரும்பின் மேல் ஏறி நின்றேன்.

தட்டியது. மெதுவாக, ஒரு நிமிடத்துக்கு அறுபத்தாறு. நடுநடுவே ஒரு தட்டு கொஞ்சம் தயங்கி வந்தது. அப்படியே குந்தி உட்கார்ந்து உள்ளங்கை இரண்டையும் இரும்பின் மேல் வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தபோது இத்தனை தெளிவாகக் கிடைக்கவில்லை. எத்தனை நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. சுபைதா திரையை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிப் பார்ப்பது மெல்ல உறைத்தது.

“ஏனம்மிணி?”

“ஒண்ணுமில்லீங்ணா. டீக்கு நிறுத்துனா அக்கா எறங்குவாங்களா, நீங்களா?”

“அவதான். ரெண்டு பேரும் எறங்கக் கூடாதுல்ல. நான் சீட்ட உட்டு அசைய மாட்டேன். டம்ளர்ல வாங்கியாந்து குடுப்பா.”

திரையை என் பக்கம் திருப்பினாள். அதில் இரண்டு கோடுகள். கீழே இருப்பது படுக்கையின் எடை. துடிப்பர் படுத்திருக்கிறாரா என்று வாரியம் பார்ப்பதற்காக வைத்த எடையுணரி. மேலே இருப்பது துடிப்பு. கீழ்க்கோடு பூஜ்யத்துக்கு விழுந்திருந்த இடத்தில், மேல்கோடு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

“படுக்கைல ஆளே இல்லீங்ணா இங்க. ஆனா துடிப்பு வருது.”

அவள் இன்னோர் இடத்துக்குத் தள்ளினாள். தொப்பூர் இறக்கம், பங்குனி மாதம், காலை பத்து மணி. மேல்கோடு சட்டென்று நூற்று முப்பதுக்கு ஏறியிருந்தது. அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. பின்னால் வந்த லாரி பிரேக் பிடிக்காமல் எங்கள் மேல் ஏற வந்தது. நான் ஒடித்துத் தப்பித்தேன். பூவரசி தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. டீக்கு நிறுத்தியபோது அவள் இறங்கி முகம் கழுவிய பிறகுதான் அவளிடம் சொன்னேன்.

“இது உங்க துடிப்புங்ணா” என்றாள் சுபைதா. குரல் தாழ்ந்திருந்தது. “இரும்பு எதத் தொட்டுட்டிருக்குதோ அதத்தான் கேக்கும். உங்க சீட்டு தொட்டுட்டிருந்துச்சு. படுக்கை தொடல. நான் இரும்புக்கு இரும்பாத்தான் மாட்டிக் குடுத்தேன். இந்தக் கையாலதான் முடுக்குனேன்.”

“நீங்க சரியாத்தான் மாட்டுனீங்க.”

சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொன்னேன். வண்டி எடுத்த முதல் மாதம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் படுக்கை அவளை அடித்தது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் சேலை மாற்றும்போது இடுப்பெலும்பின் மேல் நீலமாகக் கன்றிப்போயிருந்ததைப் பார்த்தேன். பரமத்தியில் அவள் தங்கை மகளுக்குக் காதுகுத்து என்று இரண்டு நாள் போயிருந்தாள். அப்போது திருச்செங்கோடு ரோட்டில் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பர் வாங்கி, நான்காக வெட்டி, படுக்கையின் நான்கு காலுக்கும் அடியில் வைத்து முடுக்கினேன். ஓர் அங்குலக் கனம்.

வருடாந்தரச் சோதனையில் வாரியத்தார் எங்கள் இருவரையும் அவரவர் இடத்தில் இருக்கச் சொல்லி, இரும்பில் துடிப்பு வருகிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். வந்தது. முத்திரை போட்டார்கள். யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. நானும்தான்.

“அக்காளுக்குத் தெரியுங்களா?”

“தெரியாது. காதுகுத்துக்குப் போயிட்டு வந்து மொத சவாரி. ஓசூர்ல இருந்து மதுரை வரைக்கும் அசையாமத் தூங்குனா. எந்திரிச்சதும், ‘மாமா, ரோடெல்லாம் நல்லாப் போட்டுட்டாங்க போலருக்குது’ன்னா. ஆமா, புதுசாத்தான் போட்டிருக்கறாங்கன்னேன்.”

சுபைதா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என் கண்ணில் துடைக்க ஒன்றும் வரவில்லை.

தை பிறந்தால் பூவரசிக்குக் கடிதங்கள் வரும். இதயம் வாங்கியவர்கள் துடிப்பருக்கு எழுதுவார்கள். தூத்துக்குடியில் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண், ‘அக்கா, படி ஏறும்போது உங்களையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன்’ என்று எழுதியிருந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பூவரசி அந்தக் கடிதத்தை எனக்கு நாலைந்து தடவை படித்துக் காட்டினாள். “எனக்கு இருநூறு பேரு இருக்கறாங்க, உனக்கு யாரிருக்கா” என்று என்னை வம்புக்கு இழுப்பாள். நீ இருக்கறயே என்பேன். காய்ச்சலின் ஏழாம் நாள், நினைவு தப்புவதற்கு முன்னால், “நான் போனாலும் எங்கெங்கியோ அடிச்சிட்டிருப்பேன் மாமா, அழுவாதே” என்றாள். அதை நம்பித்தான் நான் அழாமல் இருந்தேன். அதை நம்பித்தான் அவளும் போனாள். அவளிடமிருந்து அதை நான் பதினோரு வருடத்துக்கு முன்பே எடுத்துவிட்டிருக்கிறேன், அவள் நன்றாகத் தூங்கட்டும் என்று.

அவளுடையது ஒரு மணி நேரமாவது எங்காவது இருக்குமா என்று கேட்டேன். ரப்பர் வைப்பதற்கு முன்னால் ஓடிய முதல் மாதம்? சுபைதா தேடினாள். ஏடு எட்டு வருடம்தான் வைத்திருக்கும். அதற்கு முந்தையதைத் தானே அழித்துக்கொண்டுவிடும்.

“ஒண்ணு காட்டட்டுங்களா?” என்றாள். “ஆறுதலுக்குச் சொல்றனோன்னு நெனைக்காதீங்க. கணக்கா இருக்குது, நீங்களே பாருங்க.”

இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். படுக்கையில் எடை ஏறாதபோது என் துடிப்பு எண்பது, எண்பத்திரண்டு. எடை ஏறிப் பத்து நிமிடத்துக்குள் இறங்க ஆரம்பிக்கும். எழுபத்தைந்து, எழுபது, அறுபத்தாறு. அங்கேயே நிற்கும், அவள் எழுந்திருக்கும் வரை. எட்டு வருடத்தில் எந்தச் சவாரியை எடுத்தாலும் அப்படித்தான். தொப்பூரில் நூற்று முப்பது போனதுகூட, அவள் எழுந்திருக்காமல் படுத்திருந்ததால், கால் மணியில் அறுபத்தாறுக்கு வந்துவிட்டது.

“இத்தன பேரு பொழச்சிருக்கறாங்கன்னா, அவிய இதயம் கத்துக்கிட்டது இதத்தானுங்ணா. பின்னால அக்கா தூங்கறப்ப நீங்க எப்புடி இருந்தீங்கன்னு.”

அந்தப் பதிவைத்தான் இனி வண்டியில் ஓட்ட முடியும். ஆயிரம் மணி நேரத்துக்கு மேலேயே இருந்தது. என் இன்றைய நாடியை வாரியம் ஏற்காது, அதையும் சுபைதா என் கையில் நாடிப்பட்டை கட்டிப் பார்த்துச் சொன்னாள். தொண்ணூற்றொன்று. அதுவும் ஒழுங்கில்லை.

சோதனைச் சேஸிஸின் முன்பக்கம் ஓட்டுநர் இருக்கை ஒன்று நேரடியாக போல்ட்டில் இறுக்கியிருந்தது. அதில் உட்காரச் சொன்னாள். சுத்தியல்களை ஓடவிட்டாள். அறுபத்தாறு, தயங்கித் தயங்கி, முதுகுத்தண்டு வழியாக ஏறி வந்தது. என் கையில் கட்டியிருந்த நாடிப்பட்டை தொண்ணூற்றொன்றிலேயே நின்றது.

“பத்து நிமிசம் உட்காந்து பாருங்ணா.”

நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன். உள்ளிருந்து ஒன்று தட்டியது, கீழிருந்து ஒன்று தட்டியது. இரண்டும் ஒருமுறைகூடச் சேரவில்லை. பின்னால் அவள் தூங்குகிறாள் என்று இரும்பு சொல்லிக்கொண்டே இருந்தது. அங்கே யாரும் இல்லை என்று தெரியத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

“பிஞ்சு இதயந்தான் கத்துக்கும் போல” என்றேன்.

சுபைதா பேனாவைத் திறந்தாள்.

“எட்டாவதுக்குக் காத்துப்பை எழுதிக்குங்க. ரெட்டையா வையுங்க. கீழ என்ன தட்டுனாலும் எனக்குத் தெரியக் கூடாது. ஒம்பதாவதுக்கு இந்தப் பதிவையே போட்டுருங்க.”

எழுதிக்கொண்டாள். அடுத்தது சேஸிஸின் நீளம். பதிவுத் துடிப்பில் ஓடும் வண்டிக்குப் படுக்கை கட்டாயமில்லை.

“வேணும்னா வெச்சுக்கலாங்ணா. விதியில எடமிருக்குது. நானே மாட்டித் தாரேன்.”

“வெச்சா பெட்டிக்குப் போற துடிப்பு கொறையுமா?”

பொய் சொல்லலாமா என்று அவள் யோசித்தது முகத்தில் தெரிந்தது. “மூணடி கூடுதில்லீங்களா. கொஞ்சம் கொறையும். நூத்துக்கு நாலு.”

“அப்ப வேண்டாம்.”

நீளம் குறைக்கும்போது வெட்டுக்கோட்டை ஆர்டர் கொடுப்பவர்தான் போட வேண்டும். பிறகு தகராறு வரக் கூடாது என்பதற்காக வைத்த முறை. புதுச் சேஸிஸின் இரும்புச் சட்டங்கள் இரண்டும் மரக்கட்டைகளின் மேல் நீளமாகக் கிடந்தன. சுபைதா சுண்ணாம்புக்கட்டியும் டேப்பும் கொடுத்தாள். ஓட்டுநர் இருக்கை முடியும் இடத்திலிருந்து பின்னோக்கி அளந்தேன். மூன்றடி. சந்தேகமாக இருந்தது, மறுபடி அளந்தேன். மூன்றாம் முறையும் மூன்றடிதான் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு தடவை ஓசூரிலிருந்து கிளம்பியிருக்கிறோம், இந்த மூன்றடிக்குள் ஒரு ஆள் முழங்காலை மடக்கிப் படுத்து.

மூலைமட்டம் வைத்துக் கோடு கிழித்தேன். நேராகத்தான் விழுந்தது.

“வெட்டிருங்க அம்மிணி” என்றேன்.