செவப்பு தீட்டிய வரி

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. நிலவின் மறுபக்கத்தில் வேலை பார்த்த பூரணியின் கதையைச் சொல்கிறேன்.

அங்கே பேச்சு எட்டாது. நாளுக்கு ஒரு தடவை எழுத்து மட்டும் போய்வரும். அதனால் அம்பாசமுத்திரத்தில் படுக்கையில் கிடந்த அம்மாவின் நிலவரத்தை அவளும் தம்பி இசக்கியும் ஒரே மின்னேட்டில் எழுதிக்கொண்டார்கள். வீட்டுப்பொறி அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டும். கெட்ட சேதி அவள் காதில் விழக்கூடாதே! ஆகவே பிள்ளைகள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். வார்த்தை சாதாரணமாக இருக்கும்; வரிமேல் தீட்டும் நிறம் உண்மையைச் சொல்லும். பச்சை என்றால் கவலையில்லை. மஞ்சள் என்றால், 'நான் கிளம்பி வரவா?' சிவப்பு என்றால், 'உடனே வா.' காதுக்கு நிறம் ஏது?

பிறகு நிறப்பொருத்தி வந்தது. ஏடு ஒன்றுதான், ஆனால் படிக்கிறவர் கண்ணுக்கு எது இதமோ அந்த நிறத்தில் காட்டும்.

'உங்கள் கண்ணை உறுத்தும் நிறம்?' என்று பூரணியைக் கேட்டது. பணியிடத்தில் நாள் முழுக்கச் சிவப்பு விளக்குகளைப் பார்த்து அலுத்தவள், 'சிவப்பு' என்றாள்.

'பதிலாக?'

'இளம்பச்சை.'

அலுவலகத் தாள்களுக்கு மட்டும்தான் என்று நினைத்தாள். அன்றே மறந்தும் போனாள்.

புரட்டாசியில் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. 'அம்மா கஞ்சி குடித்தாள்' என்று இசக்கி எழுதுவான். பூரணிக்குப் பச்சையாகத் தெரியும். இருந்தும் மனசு கேட்காமல், 'இங்கே வேலை சுகம்' என்று எழுதி மஞ்சள் தீட்டினாள். மறுநாளும் பச்சை. அதற்கடுத்த நாளும் பச்சை. வாரக் கப்பல் அவளை விட்டுவிட்டுப் பூமிக்குப் போயிற்று.

ஒருநாள் நிறமே இல்லாமல் ஒரு வரி வந்தது. 'அம்மா போயிட்டாக்கா.'

பதினாறாம் நாளுக்குத்தான் வந்து சேர்ந்தாள். வாசலிலேயே இசக்கி மறித்தான்.

"பத்தொம்பது தடவ செவப்புல போட்டேன். ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"ஒண்ணுகூட செவப்பா வரலியேலே! எல்லாம் பச்சைதான். நான்தான் மஞ்சள்ல கேட்டேனே, வரவான்னு?"

"நீ எங்க கேட்ட? வேலை சொகம்னுல்லா எழுதுன. மஞ்சளு எனக்கு..."

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளைத் திரையில் மஞ்சள் கண்ணைக் கூசச்செய்கிறது என்று நிறப்பொருத்தியில் அந்த நிறத்தையே அவன் எடுத்துவிட்டிருந்தான்.

பூரணி நிறப்பொருத்தியை அணைத்தாள். ஏடு முழுக்கச் சிவப்பு. நடுநடுவே அவளுடைய மஞ்சள். எண்ணினார்கள். சிவப்பு இருபது இருந்தது.

"கடைசிச் செவப்பு வரி நான் எழுதல. அன்னிக்கு மருந்துக்கு ஓடிட்டு இருந்தேன், ஏட்டையே பாக்கல" என்றான் இசக்கி.

'நான் நல்லாருக்கேன் பூரணி' என்றிருந்தது அந்த வரி.

வீட்டுப்பொறியைக் கேட்டார்கள். அம்மா சொல்லி எழுதியதாம். ஒவ்வொரு நாளும் வாசித்து முடித்ததும், என்ன நிறம் என்றும் கேட்டுக்கொள்வாளாம். இந்த வரிக்கு எந்த நிறம் தீட்டட்டும் என்றதற்கு அவள் சொன்னதை, பொறி அவள் குரலிலேயே ஒலிக்கவிட்டது.

"எம் மவன் தெனமும் போடுதாம்லா, அந்தச் செவப்பு."

பூரணி அந்த வரியை நிலவில் படித்திருந்தாள். இளம்பச்சையில். படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியும் இருந்தாள்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் யார் எந்த நிறத்தில் கூப்பிட்டாலும், கண்ணை உறுத்தினாலும், அந்த நிறத்திலேயே அது உங்களுக்கு வந்து சேரட்டும். உங்கள் வாசல் நிறைந்திருக்கட்டும்.