வெளியூர்க் கரையான்

படுக்கையறை வாசலுக்கு ஒரு சாண் முன்பாகவே மண்கோடுகள் நின்றுபோயிருந்தன. கூடத்துச் சுவரெல்லாம் தாராளமாக ஏறித் திரிந்த கரையான், அங்கே மட்டும் எதையோ கண்டு மிரண்டதுபோல வந்த வழியே திரும்பியிருந்தது. வைகாசி மதியம், கரண்ட் இல்லை. புதுச்சத்திரத்துப் பக்கத்திலிருந்த அந்த வீட்டில் ஈரமண் வாடையும், அதற்கு அடியில் நாள்பட்ட அலமாரியைத் திறந்தால் வருகிற வறண்ட வாடையும் கலந்து வர, மஞ்சுளா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மருந்தடிக்க வந்த பூபதி அறையின் நிலைக்கதவை ஸ்க்ரூடிரைவரால் குத்தினான். பெயிண்ட் கிழிந்தது. உள்ளே மரமே இல்லை. கசகசா போலப் பொடிமணிகள் கொட்டின.

“ரெண்டு சாதி இருக்குதுங்க்கா. வெளிய இருக்கறது மண் கரையான். அதுக்கு ஈரம் வேணும். தின்னதைச் சொமந்துக்கிட்டு பூமிக்குள்ள போயிரும். மருந்து வுட்டா தீந்துது. இது வேறங்க. மண்ணையே மிதிக்காது, தண்ணி கேக்காது. எதைத் திங்குதோ அதுக்குள்ளயே குடியிருக்கும். பாக்கறதுக்கு முழுசாத்தான் தெரியும்.”

“எப்புடி உள்ள வந்துச்சு?”

“அதுவா நடந்து வராதுங்க. வெளியூர்ல இருந்து வர்ற சாமானுக்குள்ள இருந்து வந்தாத்தான். புதுசா பீரோ, கட்டில்...?”

“ஒண்ணுமே வாங்கலீங்க.”

சொன்ன பிறகுதான் அவள் பார்வை படுக்கையறைக்குள், கட்டில் பக்கம் போனது. ரிக் வண்டியோடு வடக்கே போய், எட்டு மாதம் காட்டுப்பக்கம் போர்வெல் போட்டுவிட்டு, போன மாதம் திரும்பியவன் அவள் புருஷன் தனசேகர். அவன் நல்லபடியாக வந்து சேர வேண்டுமென்று எத்தனை சாமியை வேண்டியிருப்பாள்! வந்ததிலிருந்து அவன் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து அவள் பார்க்கவில்லை. இந்த வெயிலிலும் வேர்க்கவில்லை. அலுப்பு என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள்.

பூபதி மருந்து எடுக்க வண்டிக்குப் போனான். அவள் அறைக்குள் நுழைந்தாள். போர்வைக்குள் தனசேகர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். டிக், டிக் என்று சன்னமான தட்டல். சுவரில் இல்லை. கட்டிலிலும் இல்லை. அது இரும்புக் கட்டில்.

“ஏனுங்க... எந்திரிங்க.”

தோளைத் தொட்டாள். தோல் அமுங்கியது. விரல் உள்ளே போனது. ரத்தம் இல்லை.

அவன் திரும்பினான். அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடி மட்டும் இறுக்கமாக இருந்தது.

“மஞ்சு...”

ஆசையாகச் சிரித்தான். திறந்த வாய் மூடவில்லை. பல்லிடுக்கிலிருந்து ஒரு ஈசல் வந்தது. இன்னொன்று. பிறகு கொத்தாக.

ஒன்று அவள் கழுத்தில் உட்கார்ந்தது. இறகுகளை அங்கேயே உதிர்த்துப் போட்டுவிட்டு, மெல்லக் காதை நோக்கி நடந்தது.