நான்கு கோடுகளும் ஒரு ராஜாவும்

ஒரு கொசு கொட்டாவி விட்டால் அதை அடுத்த தெருவுக்கே கேட்க வைக்கக் குண்டூசி என்ற சிறுமியால் முடியும். கொசு மைக் பக்கத்தில் வந்து நின்றால் போதும்.

இதை எல்லோரும் நம்பிவிட்டார்கள், அவளுடைய அண்ணனைத் தவிர. பள்ளியில் அவனுக்குச் சங்கு என்று பெயர். அவன் "உள்ளேன் டீச்சர்" என்றால் பக்கத்துப் பள்ளியிலும் வருகை போட்டுவிடுவார்கள்.

அன்று பள்ளி நாடகத்துக்குக் கடைசி ஒத்திகை. குண்டூசி அரங்கின் நடுவில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். மேடையில் நான்கு மைக். திரையில் நான்கு கோடுகள். மைக்கில் சத்தம் விழுந்தால் அதன் கோடு உயரும். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குமிழைத் தள்ளினால் சத்தம் கூடும், இழுத்தால் குறையும்.

ராஜா வேஷம் ரகசியம் என்று பட்டப்பெயர் வாங்கிய பையனுக்கு. மணி என்ன என்று கேட்டால்கூடப் புதையல் இருக்கும் இடத்தைச் சொல்வதுபோலக் கேட்பான். ஆனால் ராஜாவின் வசனத்தை அவனைப்போலச் சொல்ல ஆள் கிடையாது. கேட்டவர்கள் அழுதிருக்கிறார்கள். கேட்டவர்கள் இரண்டே பேர், அதுவும் முதல் வரிசை.

"கொஞ்சம் கத்திச் சொல்லுப்பா," என்றார் நாடக டீச்சர்.

ரகசியம் கத்தினான். ராஜா தக்காளி விற்பவராக மாறிவிட்டார்.

"டீச்சர், எனக்கு வசனமெல்லாம் மனப்பாடம்," என்றான் சங்கு.

டீச்சர் யோசித்தார். "சரி, நீ போய்க் கடைசி வரிசையில உக்காரு. உனக்குக் கேக்கலன்னா வேஷம் உனக்கு."

சங்கு கிரீடம் வைத்தவன்போலவே நடந்து போனான்.

ரகசியத்தின் முகம் தொங்கிவிட்டது. குண்டூசி மேடையருகே போனாள்.

"நீ எப்பவும் பேசற மாதிரியே பேசு. கத்தாத."

"பின்னாடி வரிசைக்குக் கேக்காதே."

"அது என் வேலை."

அவன் பேசினான். அவனுடைய கோடு தூக்கம் கலையாத புழுபோல நெளிந்தது. குண்டூசி குமிழை மேலே தள்ளினாள். கூய்ங் என்று ஸ்பீக்கர் ஊளையிட்டது. சுவரில் இருந்த பல்லி அன்றோடு வேறு பள்ளிக்கு மாறிவிட்டது.

"பாத்தியா, கம்ப்யூட்டரே அழுவுது," என்றான் சங்கு.

குண்டூசி குமிழை இறக்கிவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தாள். யாரும் பேசவில்லை. ரகசியத்தின் கோடு படுத்துக் கிடந்தது. ஆனால் மற்ற மூன்றும் துள்ளிக்கொண்டிருந்தன.

ஹெட்போனை மாட்டி ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒன்றில் மின்விசிறி. இன்னொன்றில் மந்திரியின் செருப்பு. கடைசியில் நொறுக், நொறுக். காவலன் வேஷம் போட்டவன் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

"எல்லா மைக்கும் திறந்தே கிடக்கு டீச்சர். ஸ்பீக்கர்ல வர்ற சத்தம் நாலு வழியா திரும்ப உள்ள நுழையுது. அதான் ஊளை."

அவரவர் வசனம் வரும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று அந்த மூன்று குமிழ்களையும் அடிவரை இறக்கினாள்.

"காவலரே, நீங்க சாப்பிடுங்க. இனிமே யாருக்கும் கேக்காது."

"இதுதான் கடைசித் தடவை," என்றார் டீச்சர்.

ரகசியம் பேச ஆரம்பித்தான். குண்டூசி மயிரிழை மயிரிழையாகக் குமிழை ஏற்றினாள். கோடு எழுந்தது, பச்சையிலேயே நின்றது. ஊளை இல்லை.

"நான் எதிரியிடம் தோற்கவில்லை. என் குதிரைக்குத் தண்ணீர் வைக்க மறந்தேனே, அங்கே தோற்றேன்."

காவலன் மெல்லுவதை நிறுத்தினான். அரங்கத்தில் கண்ணீர் கணுக்கால் வரை வந்தது. நாற்காலிகள் மிதக்காததுதான் பாக்கி.

டீச்சர் திரும்பினார். "சங்கு, கேட்டுச்சா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் கிரீடம் அவனுக்கு. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். ரகசியம் தரையைப் பார்த்தான்.

சங்கு மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"கேட்டுச்சு டீச்சர். குதிரைன்னு சொல்றதுக்கு முன்னாடி அவன் மூச்சு இழுத்தான் பாருங்க, அதுகூடக் கேட்டுச்சு."