இன்னொருதரம்

நண்பகலிலும் அந்தச் சோதனைக் கூடத்துக்குள் இருட்டுத்தான். ஜன்னல் கிடையாது, சிக்கனம் என்று சொல்லி விளக்குகளிலும் பாதியைக் கழற்றியாயிற்று. ஆஸ்பத்திரியில் மகளுக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்த கையோடு நேராக இங்கே வந்திருந்தான் மேனேஜர். கதவைத் தள்ளியதும் புதினா மிட்டாய் வாசனை முகத்தில் மோதியது.

அந்த மிட்டாயை ஓயாமல் சப்புகிற ஒரே ஆள் அவன் அக்காள் புருஷன். அவர்தான் செத்துப்போய்விட்டாரே!

கம்ப்யூட்டர் சிப்புகளைச் சோதிப்பதுதான் இங்கே வேலை. மாமாவுக்குக் கூடத்தில் 'இன்னொருதரம்' என்றே பெயர். குளிர்ந்த அறையில் ஒரு கணக்கைக் கேட்டு, சிப் சரியாகச் சொன்னாலும் மனுஷர் விடமாட்டார். அதை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி, அதே கணக்கைத் திரும்பக் கேட்பார். விடை மாறினால் மேஜையில் விரல் முட்டியால் இரண்டு தட்டு. சிப் குப்பைக்குப் போகும்.

"பழுதானா நின்னுடும் மாப்ள, அது பரவாயில்ல. தப்பாச் சொல்லிட்டு சரின்னு காட்டுது பாரு, அதுதான் ஆளக் கொல்லும்" என்பார்.

மேனேஜர் மாப்பிள்ளைக்கோ மேலிடத்தில் நல்ல பெயர் வேண்டும். இரண்டாவது கேள்வியைத் தூக்கினான். முரண்டு பிடித்த மாமாவையும் வேலையை விட்டுத் தூக்கினான். அப்புறம் என்ன, காய்ச்சலென்று படுத்த மாமாவுக்கு நரம்பில் மருந்து இறக்கிய மிஷின், திரையில் 'சரி' என்று காட்டிக்கொண்டே அளவுக்கு மீறி இறக்கி ஆளை முடித்தது. அதற்குள் இருந்தது இந்தக் கூடத்துச் சிப். எழவு வீட்டில் அக்கா அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது மாமாவின் மூலை மேஜையில் தட்டும் சத்தம் கேட்கிறதாம். ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே நின்றார்கள். உள்ளே, புருஷனின் சாமான்களை எடுக்க வந்த அக்கா மட்டும் இருந்தாள்.

"என்னக்கா, நீயுமா பேய்க்கதை சொல்ற?"

"நான் எதுவும் சொல்லல. நீயே உக்காந்து பாரு."

வீம்புக்கு உட்கார்ந்தான். புதுச் சரக்கிலிருந்து ஒரு சிப்பை எடுத்துச் செருகினான். திரை 'சரி' என்றது. "பாத்தியா?" என்று இளித்தபடி சிப்பை வெளியே எடுத்தான்.

அவன் விரல்கள் தாமாக மூடிக்கொண்டன.

அவற்றின் மேல் இன்னொரு கை பொத்தியது.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. வெதுவெதுப்பு மட்டும் இருந்தது. புதினா வாசனை காதோரம் வந்து நின்றது.

"இன்னொருதரம் பாத்துடலாம், மாப்ள."

திரும்பச் செருகினான். விடை தப்பாக வந்தது. அதன் கீழே 'சரி' என்று எழுதியிருந்தது.

டொக். டொக்.

இதே சரக்கில் ஒரு பகுதி ஏற்கெனவே புது மருந்து மிஷின்களுக்குள் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது. மகளின் கையில் மருந்து இறக்குவதும் அந்தப் புது மிஷின்தான். நர்சுக்குப் போன் போட்டான்.

"மிஷின் சரின்னுதான் சார் காட்டுது. ஆனா உள்ள யாரோ தட்டுற மாதிரி..."

"கழட்டுங்க! ஐயோ, உடனே கழட்டுங்க!"

பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

அக்கா அவனையே பார்த்தாள். "உன் பொண்ணுக்குத் தட்ட அவர் வந்துட்டாரு. அவருக்குத் தட்ட ஆளில்லாமப் பண்ணிட்டியேடா, பாவி."

தேம்பித் தேம்பி அழுதான். அழுத கண்ணோடு, சரக்கை நிறுத்தச் சொல்லி மேலிடத்தில் பேசினான். "சரக்கு நாளைக்குப் போகணும். இல்லன்னா உன் நாற்காலியில வேற ஆளு" என்றார்கள். அழுகை நின்றுவிட்டது. மகளின் மிஷினை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான், மகராசன்.

மறுநாள் காலை லாரியில் பெட்டிகள் ஏறின. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது ஒரு பெட்டிக்குள்ளிருந்து கேட்டது.

டொக். டொக்.

பிறகு அடுத்த பெட்டியிலிருந்து. பிறகு எல்லாப் பெட்டியிலிருந்தும்.

டிரைவர் மிரண்டு திரும்பினான். "உள்ள என்ன சார், உயிரோட ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணுமில்ல. நீ வண்டிய எடு."

லாரி தெருமுனை திரும்பி மறைந்தது. பேனாவைச் சட்டைப்பையில் வைக்கப் போனான். முடியவில்லை. உள்ளங்கை வெதுவெதுவென்று சுட்டது. எவ்வளவு இழுத்தும் விரல்கள் பிரியவில்லை.