டேக் என்னும் சொல்லும் மெய் லானும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் ஆண்டு ஜூன் மாதம் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை. இராயபுரத்தில் காலையிலேயே வெயில் சுட்டது. கடற்காற்று இன்னும் எழவில்லை.

அந்தப் புழுக்கத்தில், மளிகைக் கடையின் அரிசி மூட்டைகள் மீது இரு சிறுமியர் அமர்ந்திருந்தனர். ஒருத்தி கடைக்காரரின் மகள் ஹில்டா. மற்றொருத்தி, எதிரே பல் கட்டும் கடை வைத்திருந்த சீனரின் மகள் மெய் லான். ரங்கூனிலிருந்து வந்த அவள், தெருத் தமிழை வெகு விரைவில் கற்றுக்கொண்டாள். ஆங்கிலமோ அவளுக்கு அடங்க மறுத்தது.

அன்று பள்ளியில் அவளுக்கு ஆங்கிலத் தேர்வு. தேறினால் ஹில்டாவுடன் ஐந்தாம் வகுப்பு. தவறினால் இரண்டாம் வகுப்பில் தன் தம்பியின் பக்கத்தில் உட்கார வேண்டும்!

“அவன் தெரு பூரா சொல்லிச் சிரிப்பான்டி,” என்றாள் மெய் லான்.

“அழுவாதே. ‘டேக்’ன்னா எடு. ‘டேக் எ பாத்’ன்னா குளி.”

“குளிக்கிறதுல இன்னாத்த எடுக்கிறது? சோப்பா?”

“ஒண்ணும் எடுக்க வாணாம். ‘டேக் யுவர் டைம்’னா, உன் நேரத்த எடுத்துக்கோ, மெதுவா செய்.”

“என் நேரம் என்கிட்டதானே கீது? அத ஏன் எடுக்கணும்?”

ஹில்டாவுக்கும் குழப்பமாகிவிட்டது. “அர்த்தம் கேக்காதே. நான் சொல்றத செஞ்சு காட்டு, போதும்,” என்றாள்.

அம்முறை பலித்தது. மெய் லான் எழுந்து நின்றாள்; ‘டேக் எ ஸீட்’ என்றதும் மீண்டும் மூட்டை மீது அமர்ந்தாள். ‘டேக் எ பிஸ்கட்’ என்றதும் ஒன்றுக்கு இரண்டாக எடுத்தாள்.

பள்ளியில் தேவப்பிரியம் டீச்சர் காத்திருந்தார். ஹில்டா வாசற்படியில் நின்றுகொண்டாள்.

“டேக் எ ஸீட்,” என்று நாற்காலியைக் காட்டினார் டீச்சர்.

“நோ, தேங்க் யூ,” என்றாள் மெய் லான். உட்காரவில்லை.

டீச்சர் பெப்பர்மிண்ட் டப்பாவைத் திறந்து நீட்டினார். “டேக் எ பெப்பர்மிண்ட்.”

“நோ, தேங்க் யூ.”

“டேக் எ பென்சில்.”

“நோ, தேங்க் யூ.”

டீச்சர் பெருமூச்சு விட்டார். “பாவம், இந்த ஒரு பதிலைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறாள். இரண்டாம் வகுப்பில் சேரட்டும்.”

மெய் லானின் கண்கள் நிறைந்தன. ஹில்டா ஓடி வந்து அவளைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனாள்.

“இன்னாடி இது? காலைல எல்லாம் ஒழுங்கா செஞ்சியே! ஏன் வேணாம்னே?”

“நான் மருவாதியாதானே பேசினேன்! கேட்டவொடனே வாங்கினா, அலையிறான்னு எங்க வூட்ல திட்டுவாங்க. ரெண்டு வாட்டி வேணாம்னு சொல்லணும், மூணாவது வாட்டிதான் வாங்கணும். உங்க டீச்சர் இன்னா, ஒரே வாட்டி கேட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடறாங்க!”

“என்கிட்ட மட்டும் டக்குனு வாங்கினியே?”

“உன்கிட்ட இன்னாத்துக்கு மருவாதி?”

ஹில்டாவுக்குக் கோபப்பட நேரமில்லை. நேரே உள்ளே சென்றாள்.

“டீச்சர், அவளுக்கு எல்லாம் தெரியும். அவங்க வூட்டு வழக்கம் அப்படி. இன்னும் ரெண்டு வாட்டி கேட்டுப் பாருங்க, டீச்சர்!”

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆயினும் மெய் லானை அழைத்து டப்பாவை மீண்டும் நீட்டினார்.

“டேக் எ பெப்பர்மிண்ட்.”

“நோ, தேங்க் யூ.”

ஹில்டா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“டேக் எ பெப்பர்மிண்ட்,” என்றார் டீச்சர் மறுபடியும்.

மெய் லான் இரு கைகளாலும் ஒரு பெப்பர்மிண்டை எடுத்தாள். “தேங்க் யூ, டீச்சர்!”

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அவர் கேட்ட ஒவ்வொன்றையும் மெய் லான் செய்து காட்டினாள். ஆனால் ஒவ்வொன்றையும் மும்முறை கேட்டதில் டீச்சரின் தொண்டை வறண்டுபோயிற்று.

“ஐந்தாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறேன், அம்மா. ஆனால் அங்கே நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். எதையும் ஒரு தடவைதான் சொல்வேன். சரிதானா?”

மெய் லான் தலையசைத்தாள்.

ஐந்தாம் வகுப்பில் டீச்சர் ஹில்டாவின் பக்கத்து இடத்தைக் காட்டினார். “டேக் எ ஸீட்.”

மெய் லான் வாயைத் திறந்தாள், உடனே மூடிக்கொண்டாள், சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். அப்போது மணி சரியாகப் பத்தே கால்.