அறவாழியின் உச்சந்தலை

ஞாயிறு காலை கண்ணாடியில் பார்த்தபோது அறவாழியின் வழுக்கை அப்படியே பளபளத்தது. உச்சியில் மட்டும் முக்கால் முழத்துக்கு ஒரு குடுமி.

அவர் பகுத்தறிவு மன்றச் செயலாளர். குடுமிக்கு எதிராக முப்பது வருடம் மேடையில் தொண்டை கிழியப் பேசியவர். பத்து மணிக்கு ஒரு சுயமரியாதைத் திருமணத்துக்கு அவர்தான் தலைமை.

முந்தின இரவு தலையில் தேய்த்த முடி வளர்க்கும் களிம்பின் கம்பெனி உதவி மையத்தை அழைத்தார். மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். "எப்படி சார் தேய்ச்சீங்க?"

அறவாழி மனைவியைப் பார்த்தார். "எண்ணெய் தேய்க்கிற மாதிரிதான். உச்சியில வச்சு, சுத்திச் சுத்தி, நல்லாத் தட்டி," என்றாள் எழிலரசி. "தலையில வேற எப்படித் தேய்ப்பாங்களாம்?"

அங்கேதான் வினை. அந்தக் களிம்பு ஒரு திரவப் படிகம். நீர் போல வழியும். ஆனால் அதன் மூலக்கூறுகள் ரேஷன் கடை வரிசை போல ஒழுங்காக நிற்கும். எந்தப் பக்கம் தேய்க்கிறோமோ அந்தப் பக்கம் வரிசை. முடியின் விதைகளைச் சுமக்கும், கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான நுண்ணீந்திகள் அந்த வரிசையோடுதான் நீந்தும். குறுக்கே திரும்ப அவற்றால் முடியாது. நெற்றியிலிருந்து பிடரிக்கு நேராக இழுத்திருந்தால் தலை முழுக்கப் பரவியிருக்கும். எழிலரசி சுழற்றியதில் எல்லாப் பாதையும் சுழியாக உச்சிக்குப் போய்விட்டது.

"வெட்டிட்டா?"

"ஒரு மணி நேரத்துல திரும்ப வந்துடும் சார். இன்னும் அடர்த்தியா."

"ஒரு தலைப்பாகை கட்டிக்கங்களேன்," என்றாள் எழிலரசி.

"மறைச்சா தப்புப் பண்ணின மாதிரி ஆயிடும். விளக்கிச் சொல்றேன்."

மண்டபத்தில் அவர் நுழைந்ததும் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். அறவாழிக்குக் காது சிவந்தது. முப்பது வருட மானம் ஒலிவாங்கியின் கையில் இருந்தது. மணமக்களைக் காக்கவைத்து, படிகம், வரிசை, சுழி எல்லாவற்றையும் பதினைந்து நிமிடம் விளக்கினார்.

"ஆகவே, இந்த இடத்தில் குடுமி வந்ததற்குக் காரணம் நம்பிக்கை அல்ல. முழுக்க முழுக்க அறிவியல்."

மாப்பிள்ளையின் பெரியப்பா முன்வரிசையிலிருந்து எழுந்தார். ஐயர் இல்லாத கல்யாணத்துக்கு மனமில்லாமல் வந்திருந்தவர். மேடையேறி, கண் கலங்க, தன் பட்டுச் சால்வையை அறவாழிக்குப் போர்த்தினார்.

"இதைத்தான் சார் நாங்க காலங்காலமா சொல்லிட்டிருக்கோம். இப்படி விளக்கத்தான் எங்களுக்கு ஆள் இல்லாம இருந்துச்சு."

மண்டபம் அதிரக் கைதட்டியது. அறவாழியின் எந்தப் பேச்சுக்கும் இதுவரை அவ்வளவு கைதட்டல் கிடைத்ததில்லை.